ஒளி கசியும் சுவர் வைத்தால் மின்செலவு குறையுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்தில் ஒரு கூடம் வரப்போகிறது. பெரும்பகுதி பொருள்களைப் பொருத்திக் கட்டி அனுப்பும் வேலைக்கு. ஒரு மூலையில் பணியாளர்களுக்காக இறகுப்பந்துத் திடல். முழுக்க ஏசி. மேற்கே பார்க்கும் நீண்ட சுவர் மொத்தத்தையும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால்வெள்ளைப் பேனலால் மூடிவிட்டால் பகலில் விளக்கே வேண்டாம், ஆற்றல் சிக்கனமும் கிடைத்துவிடும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

பொருள் நல்ல பொருள்தான். வைக்கச் சொன்ன இடமும் அளவும்தான் சரியில்லை. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஷீட்டும் தானாக மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. அதன் வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்து விளக்கு அணைந்தால்தான் மிச்சம். விளக்கு அணையாத கட்டடத்தில் ஒளி கசியும் சுவர் என்பது வெப்பம் போகவும் வரவும் திறந்துவிட்ட வழி மட்டுமே.

பெரிய கட்டடங்களுக்கு ஏன் இந்தப் பொருள் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஜன்னல் வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தரையிலிருந்து ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம் வரைக்கும் வேலைக்கு உதவும் வெளிச்சம் கிடைக்கும். 3 மீட்டர் உயர ஜன்னல் என்றால் 6, 7 மீட்டர். 50 மீட்டர் அகலக் கூடத்தில் இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தாலும் நடுவே பட்டப்பகலில் இருட்டுதான். சரி, ஜன்னலைப் பெரிதாக்கிச் சாதாரணக் கண்ணாடி போட்டால்? நேர் வெயில் அப்படியே வந்து தரையில் கட்டம் கட்டமாக விழும். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெயில் பட்ட இடத்தில் பல்லாயிரம் லக்ஸ், இரண்டு அடி தள்ளி நிழலில் சில நூறு லக்ஸ். கண் இந்த இரண்டுக்கும் மாறி மாறிப் பழக முடியாமல் திணறும். நிழலில் போதுமான வெளிச்சம் இருந்தாலும் இருட்டாகத் தோன்றும். உடனே யாராவது திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டுவிடுவார்கள். 1851இல் லண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸுக்கே இந்தச் சங்கடம் இருந்தது. கண்ணாடியால் வேய்ந்த அந்தப் பிரம்மாண்டக் கட்டடத்தின் கூரைமேல் கடைசியில் துணி விரித்துத்தான் வெயிலைத் தணித்தார்கள்.

அந்தத் துணியின் வேலையைத்தான் ஒளி கசியும் பேனல் செய்கிறது. ஒரு திசையிலிருந்து வரும் வெயிலை வாங்கி எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. நல்ல சிதறல் எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஓர் அடி சதுரத்துக்கு மாதிரித் துண்டு வாங்குங்கள். வெயில் விழும் ஜன்னலில் அதைப் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் விரல்களை விரித்துக் காட்டுங்கள். பால்வெள்ளைப் பேனல் என்றால் விரல்களின் நிழல் கரைந்து, தாளில் ஒரு மங்கலான கறை மட்டும் தெரியும். தெளிவான பலசுவர் பாலிகார்பனேட் (உள்ளே மெல்லிய தடுப்புகளும் காற்று அறைகளும் கொண்டது) என்றால் விரல்கள் ஓரளவு தெரியும், கூடவே பேனலின் உள்தடுப்புகள் கோடு கோடாக விழும். அந்தக் கோடுகள் பின்னால் வேலை மேசைமீதும் விழும். நான் ஒவ்வொரு வேலைக்கும் இந்தச் சோதனையைச் செய்துதான் மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறேன். விவரத்தாளில் இருக்கும் ஒளி ஊடுருவல் சதவீதம் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும், அது எப்படி வந்து விழும் என்று சொல்லாது.

இனி உங்கள் கூடத்தின் கணக்கு. பெருக்கல் வகுத்தல்தான், பொறுமையாகப் படியுங்கள். பலர் தப்பு செய்யும் இடம் இது.

மேகம் மூடிய நாளில் திறந்த வெளியில் கிடைமட்டப் பரப்பில் சுமார் 10,000 லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் அது 80,000, 1,00,000 என்று போகும். உங்கள் வேலைக்கு 300 லக்ஸ் போதும். மேக மூட்டத்தில் வானம் சீராக ஒளிர்வதில்லை, தலைக்கு நேர் மேலே அடிவானத்தைப் போல மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். அதனால் செங்குத்தான சுவருக்குக் கிடைப்பது கூரைக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். மேற்குச் சுவர் 1,000 சதுர மீட்டர், அதன்மேல் 4,000 லக்ஸ், பேனல் அதில் 40 சதவீதத்தை விடுகிறது, விட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வேலைத்தளத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்தால், 5,000 சதுர மீட்டர் தரைக்குச் சராசரி சுமார் 110 லக்ஸ். அதிலும் பெரும்பங்கு சுவரை ஒட்டிய பத்துப் பதினைந்து மீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடும். எதிர்ப்பக்கம் வேலை செய்பவருக்கு அந்தச் சுவர் தூரத்தில் ஒரு வெள்ளைத் திரை, அவ்வளவுதான்.

இப்போது கூரைக்கு வாருங்கள். அதே பேனலைக் கூரையில் வெறும் 250 சதுர மீட்டருக்கு, அதாவது தரைப்பரப்பில் 5 சதவீதத்துக்கு, பரவலாகப் பிரித்துப் பதிக்கிறோம். அதன்மேல் 10,000 லக்ஸ், 40 சதவீதம் உள்ளே, மேலிருந்து வருவதால் அதில் 60 சதவீதம் வேலைத்தளத்துக்கு. சராசரி 120 லக்ஸ், கூடம் முழுக்கச் சீராக. சுவரில் 1,000 சதுர மீட்டர் தந்ததைக் கூரையில் அதன் கால்பங்கு தந்துவிடுகிறது. எல்லாம் தோராயக் கணக்குதான். சரியான எண்களுக்கு ஊரின் வானிலைத் தரவை வைத்துக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் கணினி இந்த வித்தியாசத்தைத் தலைகீழாக்கிவிடப் போவதில்லை.

அப்புறம் வெப்பம். எல்இடி விளக்குகளை வைத்து 300 லக்ஸ் தர உங்கள் கூடத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 வாட் அளவில் செலவாகும், மொத்தம் 25 கிலோவாட். அந்த 25 கிலோவாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் கூடத்துக்குள் நிற்கும். நல்ல ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். ஆகவே விளக்கின் வெப்பத்தை வெளியேற்ற இன்னும் 8 கிலோவாட். கூட்டினால் 33. பகல் வெளிச்சத்துக்கு மின்கட்டணம் கிடையாது, ஆனால் அதோடு வரும் வெப்பத்தையும் ஏசிதான் வெளியேற்ற வேண்டும். 33 கிலோவாட் ஏசி மின்சாரம் 100 கிலோவாட் வெயில் வெப்பத்தைத் தள்ளும். அதாவது ஒளி கசியும் பேனல்கள் வழியாக 100 கிலோவாட்டுக்குள் வெப்பம் வந்து விளக்குகள் முழுக்க அணைந்தால் லாபம். அதைத் தாண்டினால், விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரை மூடிவைத்திருந்தாலே செலவு குறைந்திருக்கும்.

உங்கள் மேற்குச் சுவரில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று எடுங்கள். பால்வெள்ளைப் பேனல் அதில் 40 சதவீதத்தை வெப்பமாக உள்ளே விடும். 1,000 சதுர மீட்டருக்கு 200 கிலோவாட். விளக்குகளின் வெப்பத்தைப் போல எட்டு மடங்கு. அதுவும் நாள் முழுக்கச் சூடேறி ஏசி ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில்! கூரையின் 250 சதுர மீட்டர் உச்சி வெயிலில் 100 கிலோவாட் விடும். லாபக் கோட்டின் விளிம்பில் நிற்கிறது, மற்ற நேரங்களில் கீழே இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பகல் வெளிச்சம் எந்த விளக்கையும்விடக் குளிர்ச்சியானது என்று பழைய பாடநூல்களில் படித்திருப்பீர்கள். குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு 15 லூமன் (வெளிவரும் ஒளியின் அலகு) அளவில் தந்த காலத்தில் அது முழு உண்மை. பகல் வெளிச்சம் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100, 120 லூமன் தருகிறது. இன்றைய நல்ல எல்இடி அதைத் தாண்டிவிட்டது. பால்வெள்ளைப் பேனலும் ஒளியையும் வெப்பத்தையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் குறைக்கிறது. வெப்பத்தை மட்டும் தடுத்து ஒளியை விடும் சிறப்புப் பூச்சுக் கண்ணாடியின் திறமை அதற்கு இல்லை. அகச்சிவப்பைத் திருப்பிவிடும் பாலிகார்பனேட் வகைகள் இருக்கின்றன. வெயில் அதிகமுள்ள இடத்தில் அவற்றை விசாரிப்பது நல்லது. எது எப்படியானாலும், "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடத்தான் வேண்டும். விளக்குகள் மாறிவிட்டன, கணக்கும் மாறிவிட்டது.

குளிர்ப் பிரதேசத்தில் கட்டுகிறவர்கள் இதே கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போட வேண்டும். வெப்பக்காப்பு நிரப்பிய சாதாரணச் சுவர், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு 0.25 வாட் அளவில் வெப்பத்தை இழக்கும். 40 மில்லிமீட்டர் பலசுவர் பாலிகார்பனேட் 1.1 வாட் அளவில் இழக்கும். 1,000 சதுர மீட்டரில் இந்த வித்தியாசம் 20 டிகிரிக் குளிருக்கு 17 கிலோவாட். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் இரவெல்லாம் ஒழுகும் வெப்பம் அது. ஆனாலும் அங்கே வானம் பெரும்பாலும் மூட்டமாக இருக்கும், ஏசிச் செலவும் குறைவு. அதனால் கூரையில் தரைப்பரப்பில் 10, 12 சதவீதம் வரை போவதில் நியாயம் இருக்கிறது. வெயில் சுடும் நாடுகளில் 5 சதவீதத்தைச் சுற்றியே நில்லுங்கள்.

கண் கூசுவதைப் பற்றி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் உள்விளையாட்டரங்கத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உங்களுடையதைப் போலவே மேற்குச் சுவர் முழுக்கப் பால்வெள்ளைப் பேனல். காலையில் போனபோது அத்தனை அழகு, நிழலே இல்லாத மென்மையான வெளிச்சம். மாலை 4 மணிக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே முடியவில்லை. பேனலின் வெளிப்பக்கம் 60,000 லக்ஸ் வெயில், அதில் பாதி உள்ளே சிதறுகிறது என்றால், சுவரின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 9,500 கேண்டெலா. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கணினித் திரை 300 அளவில் இருக்கும். ஆயிரம் சதுர மீட்டருக்கு அப்படியொரு திரை எரிந்தால் பந்து எங்கே தெரியும்? கிழக்குப் பாதியில் நின்று விளையாடியவர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு சர்வீஸுக்குக் காத்திருந்ததை இன்னும் மறக்கவில்லை.

கூச்சம் தாங்காமல் அங்கே பேனல்களுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்டில் இருந்த கரைப்பான் பாலிகார்பனேட்டைத் தின்றது. சில மாதங்களில் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றிலும் சிலந்தி வலை போல வெடிப்பு. வெயில் நேரே படும் பக்கத்தில் பேனல் வைத்தே தீர வேண்டுமென்றால் 15 சதவீதத்துக்கு மேல் ஒளி விடாத வகையை எடுங்கள், அல்லது வெளியே தடுப்புச் சட்டங்களைக் கொடுங்கள். உள்ளே போடும் திரை கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் வெப்பம் அதற்குள் வந்தாகிவிட்டது.

இனி பொருள்களுக்கு வருகிறேன். பெரும்பாலோர் எடுப்பது பலசுவர் பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் பாயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அதே காலத்தில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டெடுத்த பிளாஸ்டிக் இது. 40 மில்லிமீட்டர் பேனல் சதுர மீட்டருக்கு 4 கிலோவைச் சுற்றியே இருக்கும். 6 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு அடுக்கு வைத்தால் 30 கிலோ. எடை குறைவதால் தாங்கும் இரும்புச் சட்டகமும் இளைக்கும், பெரிய கட்டடத்தில் அதுவே ஒரு நல்ல தொகை. வெப்பக்காப்பைத் தருவது உள்ளே இருக்கும் காற்று அறைகள். 10 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் ஷீட் 3 வாட் அளவில் விடும் இடத்தில், 40 மில்லிமீட்டரில் பல அறைகள் கொண்ட பேனல் 1.1இல் நிற்கும். அதனால் தடிமனை மட்டும் கேட்காமல் உள்ளே எத்தனை அறை என்றும் கேளுங்கள்.

இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே அலுமினியக் கட்டச் சட்டம் வைத்து ஒட்டிய பேனல்களும் உண்டு. அமெரிக்காவில் கால்வால் நிறுவனம் 1950களிலிருந்து இவற்றைச் செய்கிறது. ஜப்பானியக் காகிதக் கதவு மாதிரி மெல்லிய கட்டங்கள் தெரியும், வெளிச்சம் மிக மென்மை. உள்ளே ஏரோஜெல் குருணை நிரப்பினால் வெப்ப இழப்பு 0.3 வாட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், ஏறக்குறைய ஒரு நல்ல சுவருக்குச் சமம். 1931இல் சாமுவேல் கிஸ்லர் செய்து காட்டிய ஏரோஜெல்லில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று. விலை கடினம், ஒளி ஊடுருவலும் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இருந்தும் கடுங்குளிரில் கட்டும் நீச்சல் குளத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

யூ வடிவக் கண்ணாடியும் இந்தக் குடும்பம்தான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹோல் வடிவமைத்து 2007இல் திறந்த நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தின் புதிய பகுதி இரவில் விளக்குப் பெட்டிகள் போல ஒளிர்வது இதனால்தான். மஞ்சளாகாது, எரியாது. கனமும் விலையும் கூடுதல். இடிஎஃப்இ என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காற்றடைத்த தலையணைகளாக வைக்கும் முறை இங்கிலாந்தில் கார்ன்வாலின் ஈடன் புராஜெக்ட் தாவரக் கூடங்களில் 2001இலிருந்து இருக்கிறது. அது பெரிய வளைவுக் கூரைகளுக்கு ஏற்றது, உங்கள் செவ்வகக் கூடத்துக்கு அவசியமில்லை.

பாலிகார்பனேட் எடுத்தால் பொருத்தும் முறையில் கண்ணைக் கொட்டக் கூடாது. அது கெட்டுப்போனதாக நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் பொருத்தியவரின் அவசரம்தான் காரணம். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.065 மில்லிமீட்டர் நீளும் பொருள் அது. 10 மீட்டர் உயரப் பேனல் 50 டிகிரி ஏறி இறங்கினால் 32 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம் அதே நேரத்தில் 6 மில்லிமீட்டர்தான் அசையும். பேனலின் ஒரு முனையை மட்டும் இறுக்கி, மறுமுனையை நழுவ விட வேண்டும். நடுவே நேராகத் திருகாணி அடித்தால் துளையைச் சுற்றிக் கிழியும், இல்லாவிட்டால் பேனல் வயிறு தள்ளி நிற்கும். சரியாகப் பொருத்தியதுகூட வெயில் ஏறும்போது "டக் டக்" என்று மெல்லச் சத்தமிடும். அமைதி தேவைப்படும் அறை என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளறைகள் எப்போதும் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். மேல்முனையைக் காற்றுப் புகாத அலுமினியப் பட்டியாலும், கீழ்முனையை ஈரத்தை வெளியே விட்டுத் தூசியைத் தடுக்கும் நுண்துளைப் பட்டியாலும் மூட வேண்டும். இதைச் செய்யாத ஒரு பேனலை ஒருமுறை கழற்றி முனையைப் பார்த்தேன். ஒவ்வோர் அறையிலும் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பச்சைப் பாசி, அதில் ஒட்டிக்கிடந்த எறும்புச் சிறகுகள், அதற்கு மேலே நீர் வடிந்த கறுப்புக் கோடுகள். வெளியிலிருந்து எவ்வளவு கழுவினாலும் அது போகாது. ஒட்டும் சிலிகான் வினிகர் வாடை அடிக்கும் வகையாக இருக்கக் கூடாது, நியூட்ரல் வகைதான் ஏற்றது. மிருதுவாக்கி கலந்த பிவிசி ரப்பர், அமோனியா உள்ள கண்ணாடிக் கழுவி, கரைப்பான் பெயிண்ட், மூன்றையும் கிட்டே விடாதீர்கள்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவு. எந்தப் பக்கம் என்று காப்புப் படலத்தின்மேல் அச்சடித்திருப்பார்கள். படலத்தை உரித்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. திருப்பி மாட்டினால் சில வருடங்களில் மஞ்சளாகிவிடும். எனவே மாட்டிய பிறகு படலத்தை உரிக்கச் சொல்லுங்கள், அதே நாளில் உரிக்கவும் சொல்லுங்கள். வெயிலில் விட்டால் அது ஒட்டிப்போய்த் துண்டு துண்டாகக் கிழியும்.

நெருப்பைப் பற்றி. 1973 ஆகஸ்ட் 2 அன்று ஐல் ஆஃப் மேன் தீவில் சம்மர்லேண்ட் என்ற பொழுதுபோக்கு மையம் எரிந்து 50 பேர் இறந்தார்கள். அதன் சுவரிலும் கூரையிலும் ஒரு பெரும்பகுதி அக்ரிலிக் என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஷீட். பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவர ஆசையோடு கட்டிய கட்டடம் அது. தீ அந்த ஷீட்டில் ஏறியதும் மிக வேகமாகப் பரவியது. பூட்டிக்கிடந்த கதவுகள் மிச்சத்தைச் செய்தன. பாலிகார்பனேட் அக்ரிலிக் போல எரிவதில்லை. 150 டிகிரிக்குப் பக்கத்தில் இளகி ஓட்டை விழுந்துவிடும், பற்றவைத்த நெருப்பை அகற்றினால் தானாக அணையும் தன்மையும் அதற்கு உண்டு. அப்படியென்றாலும் அது பிளாஸ்டிக். ஷீட் விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்காமல், நீங்கள் வாங்கும் அதே தடிமனுக்கும் அதே நிறத்துக்குமான தீச்சோதனைச் சான்றைக் கையில் வாங்குங்கள். எவ்வளவு பரப்பு தொடர்ச்சியாக வரலாம், நடுவே எங்கே எரியாத பட்டை வர வேண்டும் என்பதைத் தீ பாதுகாப்புப் பொறியாளர் வரைபடத்தில் குறித்துத் தரட்டும். வெளியேறும் வழிகளுக்கு மேலேயும் பக்கத்து எல்லையை ஒட்டியும் வைக்கவே வேண்டாம்.

கூரையில் பதிப்பதாகச் சொன்னேன், அதிலும் உயிர் சம்பந்தமான ஒன்று இருக்கிறது. பழுது பார்க்க ஏறுபவர் தூசி படிந்த ஒளி ஷீட்டை இரும்புத் தகடு என்று நினைத்துக் கால் வைத்து விழுவது உலகமெங்கும் நடக்கும் மரணம். ஆள் எடையைத் தாங்கும் என்று சோதித்த வகையை வாங்குங்கள், அடியில் கம்பி வலையும் கொடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

விளக்குகளுக்கு வருகிறேன், முதலில் சொன்ன மிச்சம் இங்கேதான் கிடைக்கும். உங்கள் 25 கிலோவாட் விளக்குகள் வருடத்தில் 3,000 பகல் மணி நேரம் எரிந்தால் 75,000 யூனிட். எத்தனை அழகான பேனல் போட்டாலும் இதற்கு மேல் விளக்கில் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது. இதில் எவ்வளவு கைக்கு வரும் என்பது வயரிங்கைப் பொறுத்தது. நல்ல கூரை வெளிச்சம் இருந்தும் நண்பகலில் மொத்த விளக்கும் எரிந்துகொண்டிருந்த ஒரு கிடங்கைப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால், இருட்டான ஒரு மூலைக்கும் வெளிச்சமான நடுப்பகுதிக்கும் ஒரே சுவிட்ச். வெளிச்சம் எந்தப் பட்டைகளில் விழுகிறதோ அந்தப் பட்டைகளுக்கு இணையாக விளக்கு வரிசைகளைப் பிரியுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சென்சார். அணைத்துப் போடுவதைவிடப் படிப்படியாக மங்கலாக்குவது நல்லது. மேகம் கடக்கும்போதெல்லாம் விளக்கு கண் சிமிட்டினால் எரிச்சல்பட்டு யாராவது சென்சார் மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். சென்சாரைக் கட்டடம் முடிந்து பொருள்களும் அலமாரிகளும் வந்த பிறகு, ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவிலும் லக்ஸ் மீட்டர் வைத்துச் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டு நாள் வேலைக்கு ஒப்பந்தத்தில் தனியாகத் தொகை எழுதுங்கள். எழுதாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒளி கசியும் பேனல் வெளிச்சத்தைத் தரும், வெளியே பார்க்க விடாது. மழை பெய்கிறதா, பொழுது சாய்ந்துவிட்டதா என்று தெரியாமல் எட்டு மணி நேரம் நிற்பது மனிதர்களுக்குக் கஷ்டம். கட்டடங்களின் பகல் வெளிச்சத்துக்கான ஐரோப்பியத் தரம், 2018இல் வந்த ஈஎன் 17037, வெளிக்காட்சியைத் தனி அம்சமாகவே வைத்திருக்கிறது. வேலை மேசைகள் இருக்கும் பக்கங்களில் கண்மட்டத்தில் தெளிவான கண்ணாடிப் பட்டை ஒன்று ஓடட்டும். சத்தத்தையும் இந்த மெல்லிய பேனல்கள் பெரிதாகத் தடுக்காது, பக்கத்தில் வீடுகள் இருந்தால் யோசியுங்கள். இரவில் உள்விளக்கு வெளியே வழிந்து கட்டடமே ஒளிரும். படத்துக்கு நன்றாக இருக்கும், பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு நன்றாக இருக்காது.

ஆக, உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். மேற்குச் சுவரை வெப்பக்காப்பு நிரப்பிய சாதாரணச் சுவராகவே விட்டுவிடுவேன், கண்மட்டத்தில் நிழல் கொடுத்த ஒரு கண்ணாடிப் பட்டையோடு. கூரையில் 5 சதவீதம் பால்வெள்ளைப் பேனலைச் சிறு சிறு பட்டைகளாகப் பரப்புவேன். கூரை வடிவத்தை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் ரம்பப் பல் கூரையை, அதாவது ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் செங்குத்துமாக வரிசையாக வரும் கூரையை, கேட்டுப் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் வடக்கையும், தெற்கே இருந்தால் தெற்கையும் பார்க்கும் செங்குத்துப் பட்டைகளில் பேனல் வரும். பரப்பு கூடுதலாகத் தேவைப்படும், ஆனால் நேர் வெயில் ஏறக்குறைய விழாது, ஏசிக்குப் பெரிய நிம்மதி. இறகுப்பந்துத் திடலுக்கு மேலே மட்டும் கூரைப் பேனல் வேண்டாம், அண்ணாந்து பந்தைப் பார்ப்பவரின் கண்ணில் நேரே விழும். திடலின் இரண்டு நீளப் பக்கங்களிலும் மேலே பட்டையாகக் கொடுத்து, ஆட்டக்காரர்கள் எதிரே பார்க்கும் இரு முனைச் சுவர்களையும் அடர்நிறத்தில் விடுங்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. தேர்ந்தெடுத்த பேனலில் இரண்டு முழு அளவுத் துண்டுகளை, இறுதியில் வரப்போகும் அதே சட்டத்தில், அதே பட்டி, அதே சிலிகானோடு கட்டுமானத் தளத்திலேயே ஒரு சின்னக் கொட்டகையின் கூரையில் பொருத்தச் சொல்லுங்கள். மழையிலும் வெயிலிலுமாக ஒரு மாதம் விடுங்கள். ஒரு மேகமூட்ட நாள், ஒரு நல்ல வெயில் நாள், இரண்டிலும் உள்ளே போய் நின்று லக்ஸ் மீட்டரைப் பாருங்கள், அப்புறம் மீட்டரை வைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து ஏதாவது படித்துப் பாருங்கள். அந்த எண்களை அனுப்பினால் பட்டைகளின் இடைவெளியை நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.